தக்கையா, நிற நரம்பா? குளிர்கால ட்ரவுட் கேள்வி – பதில்

நீலகிரியில் உறைபனி விழத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். ட்ரவுட் மீனுக்காக நீர்மேல் மிதக்கவிடும் செயற்கை ஈயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அடியில் உருண்டு போகும் நிம்ஃப் (நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போல முள்ளில் கட்டிய செயற்கை இரை) பற்றியும், அதை மீன் வாயில் வைத்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்பது பற்றியுமே கேட்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அதுதான். கீழே ‘நிற நரம்பு’ என்று வரும் இடமெல்லாம், லீடருக்கும் (ஃப்ளை லைன் என்ற தடித்த வீச்சு நூலின் நுனியில் கட்டும் நரம்பு) டிப்பெட்டுக்கும் (முள்ளோடு சேரும் மெல்லிய கடைசித் துண்டு) நடுவே கட்டும் பளிச்சென்ற நைலான் துண்டைக் குறிக்கிறது. கடையில் சைட்டர் என்று கேட்டால் கிடைக்கும்.

கே: நிற நரம்பு வாங்கப் போனேன். 0எக்ஸிலிருந்து 4எக்ஸ் வரை சுருள்கள் இருந்தன. ‘தடிமனாக எடுங்க சார், கண்ணுக்கு நல்லாத் தெரியும்’ என்றார் கடைக்காரர். சிற்றோடைகளில் ஜனவரியில் போட எது சரி? என்னிடம் இருப்பது 9 அடித் தூண்டில் தண்டு, 4-ஆம் எடை லைனுக்கானது.
– வாசகர், குன்னூர்

ப: 3எக்ஸ் வாங்குங்கள். கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. தடித்த நரம்பு நன்றாகத் தெரியும். ஆனால் அது காட்டுவது உங்கள் நிம்ஃப் இருக்கும் நிலையை அல்ல, தன் சொந்தக் கனத்தால் விழுந்த தொய்வை.

முதலில் எண் கணக்கு. 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் வருவது, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது. 3எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 8 பங்கு, சுமார் 0.20 மி.மீ. 0எக்ஸ் என்றால் 11 பங்கு, 0.28 மி.மீ. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் எடை தடிமனின் வர்க்கத்தில் ஏறும், 0.28 நரம்பு அதே நீளமுள்ள 0.20 நரம்பைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு கனம்.

இந்தக் கனம் எங்கே இடிக்கிறது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஓடைகளில் தண்ணீர் வற்றி, கண்ணாடிபோல் தெளிந்து, மடுக்களில் மெதுவாக நகரும். அங்கே கனமான நிம்ஃப் போட்டால் ஒவ்வொரு வீச்சிலும் கல்லில் மாட்டும். ஆகவே 2.5 அல்லது 2.8 மி.மீ. டங்ஸ்டன் மணியுள்ள இலேசான நிம்ஃபுக்கு இறங்குகிறோம். இலேசான நிம்ஃபால் தடித்த நரம்பைத் தாங்கிப் பிடிக்க முடியாது. நரம்பு தண்டு நுனிக்குக் கீழே வளைந்து தொங்கும். தொங்கும்போது நிம்ஃபை உங்கள் பக்கம் இழுத்து அடியிலிருந்து மேலே தூக்கும். வெயில் காலத்தில் மீன் துரத்தி வந்தாவது கடிக்கும். குளிர்ந்த நீரில் அது ஒரு சாண் தள்ளிப் போகும் இரைக்குக்கூட எழுந்து வராது. அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கத்துப் புல்வெளிகளில் வீசும் காற்றும் இதே கதைதான். தடித்த நரம்பில் காற்று அதிகமாகப் பிடிக்கும்.

மழை முடிந்த கையோடு, டிசம்பரில் ஓடை இன்னும் வேகமாக ஓடும்போது 3.5 மி.மீ. மணி போடுவீர்கள் என்றால் 1எக்ஸ் கட்டலாம். அங்கே கனத்துக்குக் கனம் ஈடுகொடுக்கும்.

உங்கள் தண்டுக்கு இப்படிக் கட்டிப் பாருங்கள். ஃப்ளை லைன் நுனியில் 0.40 மி.மீ. நைலான் 120 செ.மீ.; அடுத்து 0.30 மி.மீ. 60 செ.மீ.; அடுத்து நிற நரம்பு 45 செ.மீ.; அதன் நுனியில் 2 மி.மீ. டிப்பெட் வளையம், வளையத்திலிருந்து 5எக்ஸ் ஃப்ளூரோகார்பன். கடைசித் துண்டின் நீளம்தான் தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். ஆழம் 1 மீட்டர் என்றால் 1.4 மீட்டர் விடுங்கள். நிம்ஃப் செங்குத்தாக நிற்பதில்லை, சாய்ந்துதான் வரும். நிற நரம்பும் முழுக்க நீருக்கு மேலேயே இருக்க வேண்டும். நீருக்குள் இறங்கிய நிற நரம்பால் பயன் இல்லை, தெளிந்த நீரில் மீனை மிரட்டவும் செய்யும்.

சந்திப்புகளுக்கு பிளட் முடிச்சு, பக்கத்துக்கு ஐந்து சுற்று. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க மறக்காதீர்கள். உலர்ந்து இறுகும் முடிச்சில் உராய்வுச் சூட்டால் நைலான் பலம் இழக்கும். நிற நரம்பின் மேல் முடிச்சில் மீதமாகும் நுனியை ஒட்ட வெட்டாமல் 1.5 செ.மீ. விட்டுவைத்தால், அந்தச் சிறு மீசையும் ஒரு குறிகாட்டிதான். கீழே வளையத்தருகே விடாதீர்கள், டிப்பெட் அதில் சுற்றிக்கொள்ளும்.

கே: மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, வெள்ளை, மூன்று நிறம் கலந்தது… எதை எடுப்பது? பிற்பகல் மஞ்சு இறங்கினால் எதுவுமே தெரிவதில்லை.
– வாசகி, கோத்தகிரி

ப: நரம்பின் நிறத்தை நீரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நரம்புக்குப் பின்னால் உங்கள் கண்ணுக்குத் தெரிவது எது என்று பாருங்கள். எதிர்க்கரையில் சோலைமரம் இருண்டு நின்றால் மஞ்சளும் இளம்பச்சையும் எரிவதுபோல் தெரியும். காய்ந்த புல்சரிவு பின்னணி என்றால் மஞ்சள் அதிலேயே கரைந்துபோகும், ஆரஞ்சோ இளஞ்சிவப்போ வேண்டும். வானம் பளபளவென்று நீரில் பிரதிபலிக்கும் இடத்திலும், நீங்கள் சொல்லும் மஞ்சிலும் வெளிர்நிறம் எல்லாமே தோற்கும். அங்கே கைகொடுப்பது கறுப்பு.

அதற்காகத் தனிச் சுருள் வாங்க வேண்டாம். இரண்டு நிற நரம்பாக, மஞ்சள் பாதி, ஆரஞ்சு பாதி எடுத்து, அழியாத மையுள்ள கறுப்பு மார்க்கரால் கீழ்ப்பாதியில் 2 செ.மீ. பட்டைகளாக மூன்று இடத்தில் தீட்டுங்கள். நரம்பைத் துடைத்து எண்ணெய்ப் பசை போனபின் தீட்டி, ஐந்து நிமிடம் காயவிட்டால் நிற்கும். நெயில் பாலிஷ் வேண்டாம். காய்ந்ததும் வெடித்து, முதல் முடிச்சு இழுப்பிலேயே உதிரும்.

நீரின் பளபளப்பைக் குறைக்கும் துருவக் கண்ணாடி (போலராய்டு) போடுபவர் என்றால் ஒன்று கவனியுங்கள். மஞ்சு, அந்திவேளை இரண்டிலும் சாம்பல் கண்ணாடி இருட்டிவிடும். மஞ்சள் அல்லது செம்பு நிறக் கண்ணாடியில் நிற நரம்பு துலக்கமாகத் தெரியும்.

கே: காலையில் சுருளிலிருந்து எடுத்தால் நரம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிற்கிறது. கையால் எவ்வளவு உருவினாலும் போவதில்லை. நரம்பு பழசாகிவிட்டதா?
– வாசகர், ஊட்டி

ப: பழசாகவில்லை, குளிர்ந்திருக்கிறது. குளிரில் நைலான் விறைக்கும். சுருளில் கிடந்த வளைவை விடாது. ஃப்ளூரோகார்பன் அதைவிடவும் அடம்.

வேகமாக உருவுவதுதான் தவறு. நரம்பின் இரு முனையையும் பிடித்து, அறுகிற அளவில் பாதிக்கும் குறைவான விசையில் இழுத்து, பத்து நொடி அப்படியே நிறுத்துங்கள். பிறகு உள்ளங்கையில் பொத்தி மெதுவாக ஒருமுறை நழுவ விடுங்கள். கைச்சூடு போதும். ரப்பர் துண்டில் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பு வெந்து, அந்த இடத்திலேயே அறும். நைலான் கொஞ்சம் நீரை உறிஞ்சி இளகும் என்பதால், ஓடைக்குப் போனதும் லீடரை இரண்டு நிமிடம் நீரில் போட்டு வைத்தாலும் பலன் தெரியும்.

வரும்முன் காப்பதும் சுலபம். கட்டிய லீடரைக் கடைச் சுருளில் சுற்றாமல் 8 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள அட்டையிலோ ஃபோம் வட்டிலோ சுற்றி வையுங்கள். சுருளின் சுற்று பெரிதானால் நரம்பின் சுருட்டையும் பெரிதாகி இளகும். நிற நரம்பில் சுருட்டை இருந்தால் அழகுக்கேடு மட்டும் இல்லை: மீன் நிம்ஃபை வாயில் வைத்து இழுக்கும்போது முதலில் அந்தச் சுருட்டை நிமிரும், பிறகுதான் உங்களுக்குச் செய்தி வரும். அதற்குள் அது துப்பியிருக்கும்.

கே: பெரிய மடுவில் கரையிலிருந்து எட்டு, பத்து மீட்டர் தள்ளிப் போட வேண்டியிருக்கிறது. நிற நரம்பு அவ்வளவு தூரம் எட்டவில்லை. பிளாஸ்டிக் குமிழ்த் தக்கை போட்டால் ‘தொப்’பென்று விழுந்து மீன் கலைகிறது. கம்பளி நூல் கட்டி, தேங்காய் எண்ணெய் தடவினேன். அரை மணியில் மூழ்கிவிட்டது.
– வாசகர், கோவை

ப: கேள்வியிலேயே மூன்று விஷயம் இருக்கிறது.

தூரம் பற்றி நீங்கள் சொல்வது சரி. நிற நரம்பு, தண்டு நுனிக்குக் கீழே, நான்கைந்து மீட்டருக்குள் வேலை செய்யும் கருவி. எட்டு மீட்டரில் லைனின் எடையே எல்லாவற்றையும் உங்கள் பக்கம் இழுத்துவிடும். அங்கே தக்கைதான். பிளாஸ்டிக் குமிழை நீர்த்தேக்கத்துக்கும் கலங்கல் நீருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த மடுவுக்கு நூல்குஞ்சமே.

நூலைப் பொறுத்தவரை, ஊட்டிக் கடைகளில் கம்பளி என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக். இரண்டுமே நீரைவிடக் கனம், நனைந்து ஊறினால் மூழ்கத்தான் செய்யும். பாலிபுரொப்பிலீன் நூல் கிடைத்தால் இரண்டையும்விட நல்லது, அது நீரைவிட இலேசு. டம்ளர் நீருக்குள் அமுக்கிப் பிழிந்துவிட்டுக் கையை எடுங்கள். மேலே வருவதுதான் உங்களுக்கு வேண்டிய நூல்.

அப்புறம் அந்த எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். மார்கழி மாத ஊட்டியில் பாட்டிலைச் சூடு காட்டாமல் எண்ணெய் விழுமா? குஞ்சத்தில் தடவியதும் வெள்ளைக் கட்டியாக உறைந்து, இழைகளை ஒன்றாக ஒட்டிவிட்டது. குஞ்சம் மிதப்பதே இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றால். ஒட்டிய குஞ்சத்தில் காற்று ஏது? வாஸலைன் கடுகளவு எடுத்து விரலில் தேய்த்து இளக்கி, நூலின் நுனிகளில் மட்டும் பூசுங்கள். அதிகம் பூசினால் அதுவும் கட்டியாகும்.

கட்டும் முறை: 3 செ.மீ. நூல், தீக்குச்சித் தடிமன். லீடரில் ஒரு நழுவு முடிச்சுப் போட்டு, வளையத்துக்குள் நூலின் நடுப்பகுதியை வைத்து இறுக்குங்கள். பழைய பல்துலக்கியால் சீவி விரித்து, மொச்சைக்கொட்டை அளவுக்குக் கத்தரியுங்கள். தக்கைக்குக் கீழே கூர்ந்து போகும் லீடர் வேண்டாம். அங்கிருந்தே மெல்லிய 5எக்ஸ் டிப்பெட்டைத் தொடங்கினால் நிம்ஃப் நேராக, சீக்கிரமாக இறங்கும்.

ஓட்டமுள்ள நீரில் ஆழத்தின் ஒன்றரை மடங்கு நீளம் விடுவது பொது வழக்கம். உங்கள் மடுவில் ஓட்டம் குறைவு. 1 மீட்டர் ஆழத்துக்கு 1.2 மீட்டர் போதும். கூடினால் நிம்ஃப் அடியில் கிடந்து, இடையில் நரம்பு தொய்ந்து, கடி தக்கைக்கே வராது. சரியாக வைத்திருக்கிறோமா என்பதற்கு ஒரு சோதனை: தக்கைக்கு அருகே மிதக்கும் நுரைக் குமிழைப் பாருங்கள். அடிநீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடும். தக்கை நுரையைவிடச் சற்றுப் பின்தங்கினால் நிம்ஃப் அடியில் இருக்கிறது. நுரையோடு சேர்ந்தே போனால் இன்னும் இறங்கவில்லை. தக்கையை லீடரில் 15 செ.மீ. மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். நிம்ஃபை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

கே: நரம்பையே கண்கொட்டாமல் பார்க்கிறேன். கடித்தது தெரியவே இல்லை. தூக்கிப் பார்த்தால் சில சமயம் மீன் மாட்டியிருக்கிறது!
– வாசகர், மஞ்சூர்

ப: வெட்டி இழுக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. குளிர்நீர் ட்ரவுட் அப்படிக் கடிக்காது. நின்ற இடத்தில் வாயைத் திறந்து, வந்ததை உள்ளே வாங்கி, பிடிக்காவிட்டால் துப்பிவிடும். நரம்பில் தெரிவது மிகச் சிறிது. ஓட்டத்தோடு சீராக நகர்ந்துகொண்டிருந்த நிற நரம்பு அரை நொடி நிற்கும். அல்லது இலேசாகத் தொய்ந்திருந்த கோடு நிமிர்ந்து நேராகும். அல்லது, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், இழுத்திருந்த கோடு திடீரெனத் தளரும். மீன் நிம்ஃபை வாங்கிக்கொண்டு உங்கள் பக்கமாக எழுந்திருக்கிறது என்று பொருள்.

எது நடந்தாலும் சுண்டுங்கள். கல்லா மீனா என்று யோசிக்க நேரம் இல்லை. தண்டை மேலே ஓங்க வேண்டாம். ஓட்டம் போகும் திசையில், தாழ்வாக, ஒரு சாண் அளவு மணிக்கட்டால் சுண்டினால் போதும். மேலே ஓங்கினால் சோலைக் கிளையில் முடிச்சுப் பிரிக்க அரைமணி போகும்.

கல்லில் தட்டுவதை வைத்தே எடையைச் சரிபார்க்கலாம். மூன்று நான்கு வீச்சுக்கு ஒருமுறை அடி தட்டினால் எடை சரி. ஒவ்வொரு வீச்சிலும் மாட்டினால் மணியை அரை மி.மீ. குறையுங்கள். எப்போதுமே தட்டவில்லை என்றால் அரை மி.மீ. கூட்டுங்கள், அல்லது முள்ளிலிருந்து 20 செ.மீ. மேலே சிறு ஈயக்குண்டு ஒன்று.

குளிரில் கை நடுங்கினால் தண்டு நுனியும் நடுங்கும், நிற நரம்பு துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பில் கடி மறைந்துவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, தண்டின் சமநிலை விழும் இடத்தில் பிடியுங்கள். விடிகாலையில் போவதையும் விட்டுவிடுங்கள். புல்லில் பனி வெள்ளையாக இருக்கும்வரை மீன் அசையாது. பகல் 11 மணிக்குமேல், வெயில் நீரைத் தொட்டபின், 3 மணி வரைதான் நல்ல நேரம்.

கே: நிற நரம்புக்கு இங்கே கடையே இல்லை. மாற்று ஏதாவது?
– வாசகர், மேட்டுப்பாளையம்

ப: கடல் தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஃப்ளோரசன்ட் மஞ்சள் நைலான் நரம்பு கேளுங்கள், 0.20 முதல் 0.23 மி.மீ. வரை. கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தால் போதும். ‘சைட்டர்’ என்று அச்சிட்ட சுருளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்னல் நூல் மட்டும் வேண்டாம். துவண்டு போகும், முடிச்சு நழுவும், நீரை உறிஞ்சித் தொங்கும்.

கே: மிதக்கும் ஈயையே தக்கையாக வைத்து, அதன் முள்ளில் நிம்ஃபைக் கட்டுகிறார்களே, குளிர்காலத்துக்குப் பொருந்துமா?
– வாசகர், குந்தா

ப: முழங்கால் ஆழத்துக்குள், உச்சிவெயிலில் பொருந்தும். பெரிய, மயிர் அடர்ந்த ஈ. அதன் முள் வளைவில் 6எக்ஸ் டிப்பெட் 40 முதல் 60 செ.மீ.; நுனியில் 2 மி.மீ. மணிக்கு மேற்படாத நிம்ஃப், 16-ஆம் எண் முள். மணி கனத்தால் ஈ மூழ்கும். ஆழமான மடுவுக்கு இது உதவாது.

கே: கொடைக்கானல் ஏரியில் இந்த நிற நரம்பு முறையில் மீன் பிடிக்கலாமா?
– வாசகி, கொடைக்கானல்

ப: ஏரியில் கிடைப்பது கெண்டை வகைகள், நீரும் நிற்கும் நீர். ஓட்டம் இல்லாத இடத்தில் நிற நரம்புக்கு வேலையே இல்லை. நிம்ஃபை நகர்த்திக் கொண்டுபோவது ஓட்டம்தானே. சாதாரணத் தக்கையும் மாவு உருண்டையும் போதும். மீன்வளத் துறையின் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: சென்னையிலிருந்து வருகிறோம். நீலகிரியில் எங்கே போட்டாலும் ட்ரவுட் கிடைக்குமா? அனுமதி எப்படி?
– வாசகர், சென்னை

ப: கிடைக்காது. ட்ரவுட் இந்த மலைக்கு வந்தேறி. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் டே போன்றவர்கள் முயன்று தோற்றபின், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் வானவில் ட்ரவுட்டை இங்கே நிலைக்கச் செய்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. மேற்கு மலைமுகட்டை ஒட்டிய குளிர்ந்த ஓடைகளிலும் சில நீர்த்தேக்கங்களிலும்தான் அது வாழ்கிறது. அவற்றில் பல வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ளன. முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலோடு நுழையும் எண்ணமே வேண்டாம். மற்ற இடங்களுக்கு ஊட்டி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, எந்த நீர் திறந்திருக்கிறது, வனத்துறை நுழைவு அனுமதி தனியாக வேண்டுமா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அறை பதிவு செய்யுங்கள். எத்தனை மீன், எந்த அளவு என்பதற்கு உரிமச் சீட்டில் எழுதியிருப்பதே விதி.

அணைகளுக்குக் கீழே நிற்பவர்களுக்கு இன்னொன்று. இவை மின் உற்பத்திக்கான அணைகள். மழையே இல்லாவிட்டாலும் நீர் திறந்துவிடுவார்கள். தெளிந்த நீரில் திடீரெனச் சருகும் நுரையும் மிதந்து வந்தால் நிம்ஃபை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

கே: புத்தம்புது ஃப்ளை லைன், இரண்டே மாதத்தில் நுனி பிசுபிசுத்து வெடிக்கிறது. நிற நரம்பிலும் சாயம் இளகிக் கையில் ஒட்டுகிறது. கம்பெனிக் குறையா?
– வாசகர், எமரால்டு

ப: கையில் என்ன தடவுகிறீர்கள் என்று பாருங்கள். கொசுவுக்கும் அட்டைக்கும் பூசும் மருந்துகளில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால், அது ஃப்ளை லைனின் பிளாஸ்டிக் பூச்சை இளக்கிவிடும். மார்க்கர் மையையும் விடாது. மருந்தைப் புறங்கையால் கழுத்திலும் காலிலும் பூசுங்கள். உள்ளங்கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே லைனைத் தொடுங்கள். வெடித்த நுனியை ஒரு சாண் வெட்டிவிட்டு, 0.40 நைலானை நெயில் முடிச்சில் மறுபடி கட்டலாம். லைன் முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை.